பாதரசத் தெரு

அம்மாவிடம் நான் பொய் சொல்லவில்லை. "பழைய ஊரை நடந்தே சுத்திக் காட்டுவாங்களாம்மா, ஒன்றரை மணி நேரம்" என்றேன். எந்தத் தெரு என்று மட்டும் சொல்லவில்லை.

சியாட்டிலிலிருந்து எல்லோஸ்டோனுக்குக் காரில் போகிறவர்கள் நடுவில் எங்காவது ஒரு ராத்திரி தங்கியாக வேண்டும். நான் மொன்டானா மாநிலத்தின் பியூட் நகரத்தில் அறை எடுத்தேன். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘பட்’ என்று வாசித்துவிடாதீர்கள், உள்ளூர்க்காரர்கள் அந்த ஜோக்கைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கிறார்கள். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது அம்மாவுக்காக. அம்மா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃபில், ஒரு லைன் வீட்டில் பிறந்தவர். தாத்தா 31 வருஷம் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். நெடுஞ்சாலை வளைவில் பியூட் மலை கண்ணில் பட்டதும் அம்மா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏய், ஹெட்கியருடி! பாரு, அங்க ஒண்ணு, அதோ இன்னொண்ணு!"

சுரங்கக் குழிக்கு மேலே ஆட்களையும் தாதுவையும் ஏற்றி இறக்க நிறுத்தியிருக்கும் அந்த இரும்புக் கோபுரத்துக்குத் தங்கவயலில் ஹெட்கியர் என்று பெயர். பியூட்டில் அதற்குத் தூக்குமரம் என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பத்துக்கும் மேற்பட்டவை இன்னும் நிற்கின்றன, வீடுகளுக்கு நடுவில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், யாரோ ஒருவருடைய கொல்லைப்புறத்தில். அம்மா எண்ணிக்கொண்டே வந்தார். ஏழோடு நிறுத்திவிட்டு, "நம்ம ஊர்ல பாதியைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டானுங்க" என்றார்.

பியூட்டும் முதலில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும்தான் தோண்டப்பட்டது. மார்கஸ் டேலி என்ற அயர்லாந்துக்காரர் 1880 வாக்கில் அனகோண்டா என்ற வெள்ளிச் சுரங்கத்தை வாங்கினார். கொஞ்சம் ஆழம் போனதும் வெள்ளி தீர்ந்து செம்பு வந்தது. சாதாரணச் செம்பு இல்லை, பல அடி அகலத்துக்குப் படர்ந்த நரம்பு. அதே சமயத்தில்தான் எடிசன் வகையறா உலகத்துக்கெல்லாம் மின்கம்பி இழுக்க ஆரம்பித்தார்கள். கம்பிக்குச் செம்பு வேண்டும். பூமியிலேயே பணக்காரக் குன்று என்று அந்த மலைக்குப் பெயர் வந்தது. 1910 கணக்கெடுப்பில் நகர எல்லைக்குள் மட்டும் 39,165 பேர். சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்த குடியிருப்புகளையும் சேர்த்தால் எங்கேயோ போகும்.

வந்தவர்களில் பெரும்பகுதி தனி ஆண்கள். அயர்லாந்து, இத்தாலி, ஃபின்லாந்து, செர்பியா, அப்புறம் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலிருந்து கார்ன்வால்காரர்கள். கார்ன்வாலில் தகரச் சுரங்கங்களும் செம்புச் சுரங்கங்களும் படுத்துப்போன பிறகு அந்த ஊர் ஆட்கள் உலகத்தில் எங்கே குழி தோண்டினாலும் அங்கே போய் நின்றார்கள். 1880-இலிருந்து தங்கவயலை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியும் மேற்பார்வைக்குக் கார்ன்வால் கேப்டன்களைத்தான் கூட்டி வந்தது. ஆக, தாத்தாவை அதட்டியவனுடைய சித்தப்பா மகன் எவனாவது இந்த மலையிலும் அதட்டிக்கொண்டிருந்திருப்பான். சாயங்காலம் ஒரு கடையில் பேஸ்ட்டி வாங்கித் தின்றோம். உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் வெங்காயமும் வைத்து மடித்துச் சுட்ட கார்ன்வால் பண்டம், சுரங்கத்துக்கு எடுத்துப் போகிற கட்டுச்சாப்பாடு. "பேக்கரி பஃப்ஸ்தான். காரத்தை மறந்துட்டான்" என்றார் அம்மா, அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

நாள் கூலி மூன்றரை டாலர். அந்தக் காலத்து அமெரிக்கத் தொழிலாளிக்கு அது நல்ல கூலி. ஷிஃப்ட் மாறி மாறி வேலை நடந்ததால் ஊர் தூங்கவே இல்லை. தங்கும் விடுதிகளில் ஒருவன் எழுந்து போன கட்டிலில் சூடு ஆறுவதற்குள் இன்னொருவன் படுப்பான். கையில் காசு, வீட்டில் பெண் இல்லை, நாளைக்கு மேலே வருவோமா என்பது நிச்சயமில்லை. இந்த மூன்றும் ஓர் ஊரில் சேர்ந்தால் நாலாவதாக என்ன முளைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பியூட்டில் அது மெர்க்குரி தெருவிலும் கலீனா தெருவிலும் முளைத்தது.

இந்த ஊர்த் தெருக்களுக்கெல்லாம் கனிமப் பெயர்கள். கிரானைட், குவார்ட்ஸ், பிளாட்டினம், போர்ஃபிரி, காப்பர், கலீனா, மெர்க்குரி. மெர்க்குரி என்றால் பாதரசம். பாலியல் நோய்க்கு அந்தக் காலத்தில் கொடுத்த மருந்தும் பாதரசம்தான். அதற்காக வைத்த பெயர் இல்லை, தற்செயல். ஆனால் வழிகாட்டி இந்த ஜோக்கைச் சொல்லித்தான் நடையை ஆரம்பித்தார்.

எங்களோடு சேர்த்து ஒன்பது பேர். அறுபது வயதுக்கு மேலிருக்கும் பெண் வழிகாட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட படங்கள் ஒரு கட்டு. குழுவில் பிறந்தநாள் கொண்டாட வந்த தோழிகள் நாலு பேர், கழுத்தில் சிவப்பு இறகு மாலை. ஒரு வயதான கணவன் மனைவி. கடைசியில் தனியாக ஒருவர், நிறைய ஃபோட்டோ எடுப்பவர். அம்மா புடவை மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டர் மேல் ஜெர்கின், காலில் ரன்னிங் ஷூ. ஊர் 1,700 மீட்டர் உயரத்தில் சரிவின் மேல் இருக்கிறது. பத்தடி ஏறினாலே மூச்சு வாங்கும்.

முதல் நிறுத்தத்தில் அம்மா தலையாட்டிக் கேட்டார். இரண்டாவது நிறுத்தத்தில், ‘பார்லர் ஹவுஸ்’ என்ற பணக்கார விபசார விடுதி, அதை நடத்தும் ‘மேடம்’ என்றெல்லாம் வழிகாட்டி சொல்லத் தொடங்கியதும், திரும்பி என்னைப் பார்த்தார். தங்கவயல் கான்வென்ட்டில் படித்தவர். என்னை விட நல்ல ஆங்கிலம்.

"இதுக்காடி கூட்டிட்டு வந்தே?"

"சரித்திரம்மா."

"சரித்திரமாம். நடராத்திரியில சொல்றதைப் பட்டப்பகல்ல சொன்னா சரித்திரம்." ஆனால் திரும்பிப் போகவில்லை. கூட்டத்தில் முன்னால் போய், வழிகாட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். காது சரியாகக் கேட்காது, அதனால்தான் என்று அப்புறம் சொன்னார்.

மூன்றாவது நிறுத்தத்தில் காட்டிய படம் ஒரு வரைபடம். சான்போர்ன் என்ற கம்பெனி தீ காப்பீட்டுக்காக அமெரிக்க நகரங்களை வீடு வீடாக வரைந்து வைத்திருந்தது. எந்தச் சுவர் செங்கல், எந்தக் கூரை மரம், எங்கே அடுப்பு என்று எல்லாம் அதில் இருக்கும். இந்தத் தெருவில் கட்டடத்துக்குக் கட்டடம் ‘எஃப்.பி.’ என்று இரண்டு எழுத்து. விரித்தால் ‘ஃபீமேல் போர்டிங்’, அதாவது பெண்கள் தங்கும் விடுதி. ஊரே கண்ணை மூடிக்கொண்ட ஒன்றைப் படம் வரைகிறவன் மட்டும் குறித்துவிட்டுப் போயிருக்கிறான். தீப்பிடித்தால் பணம் கொடுக்க வேண்டியவனுக்கு எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டுமே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதே பெண்களில் பலர் தையற்காரிகளாக எழுதப்பட்டார்கள். "இத்தனை தையற்காரிகள் இருந்தும் இந்த ஊர் ஆம்பளைங்க சட்டையில் பட்டன் இல்லை" என்றார் வழிகாட்டி. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

இந்தச் சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட நடைகள் அமெரிக்காவின் மேற்குப் பக்கம் பல சுரங்க ஊர்களில் உண்டு. எல்லாவற்றிலும் ஒரே மசாலா. தங்க மனசுக்கார மேடம், அவள் அநாதைகளுக்குக் கொடுத்த நன்கொடை, ஷெரீஃபோடு அவளுக்கிருந்த உறவு, மாடியில் அழும் பேய். மதுவிலக்குப் போராளி கேரி நேஷன் கதையையும் பியூட்டில் விடாமல் சொல்வார்கள். கைக்கோடாலியால் சாராயக் கடைகளை நொறுக்கிப் பேர் வாங்கிய அந்தம்மா 1910-இல் இங்கே ஒரு நடனக் கூடத்துக்குள் நுழைந்தபோது, அதன் உரிமையாளர் மே மலாய் அடித்து விரட்டிவிட்டாராம். நல்ல கதைதான். இறகு மாலைக்காரிகள் கைதட்டினார்கள். ஆனால் ஒரு மணி நேரம் கேட்ட பிறகு ஒன்று உறைத்தது. பெயரோடு வருகிறவர்கள் எல்லோருமே விடுதி நடத்தியவர்கள். விடுதியில் வேலை செய்தவர்களில் ஒருத்தி பெயர்கூட வரவில்லை.

டூமாஸ் கட்டடத்துக்குள் போன பிறகுதான் நடையின் சுருதி மாறியது.

மெர்க்குரி தெரு 45ஆம் எண். இரண்டு மாடிச் செங்கல் கட்டடம், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பழைய வங்கி என்று நினைக்கலாம். 1890-இல் ஜோசஃப் நடோ, ஆர்தர் நடோ என்ற பிரெஞ்சுக் கனடிய சகோதரர்கள் கட்டியது. வேறு எதற்கோ கட்டி அப்புறம் இப்படி ஆனதில்லை, இந்தத் தொழிலுக்கென்றே அளவெடுத்துக் கட்டினார்கள். பெயர்தான் இன்னும் விசித்திரம். டூமாஸ் என்பது ஜோசஃபின் மனைவி டீலியாவின் பிறந்த வீட்டுப் பெயர். கட்டடமும் அவர் பெயரில்தான் இருந்தது. நடோ குடும்பம் ஊரில் மரியாதையான குடும்பம். அவர்கள் விடுதி நடத்தவில்லை, வாடகை வாங்கினார்கள். மேடம்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், வாடகை மாறாமல் வந்துகொண்டிருந்தது.

உள்ளே நுழைந்தால் நீளமான கூடம், மேலே கூரையில் கண்ணாடி. அந்த வெளிச்சம் மாடி நடையின் திறப்பு வழியாகக் கீழ்த்தளம் வரை இறங்குகிறது. இரண்டு பக்கமும் அறைகள். அந்த அறைகளின் ஜன்னல்கள் தெருவைப் பார்க்கவில்லை, கூடத்தைப் பார்க்கின்றன. வந்தவன் நடந்துகொண்டே ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஜவுளிக்கடைக் கண்ணாடியை வீட்டுக்குள் திருப்பி வைத்தது போல. மாடியில் பெரிய அறைகள், காசுள்ளவனுக்கு. தரைத்தளத்தில் நடுத்தரம். அடித்தளத்தில் கிரிப்.

கிரிப் என்றால் ஆங்கிலத்தில் தொட்டில். மாட்டுக்குத் தீவனம் போடும் தொட்டிக்கும் அதே சொல். அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டு குறுகலானது, நான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். கீழே ஒரு நடை, நடையை ஒட்டிச் சிறு அறைகள். நான் ஒன்றுக்குள் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். முழுசாக நீட்ட முடியவில்லை, ஒரு பக்கம் முழங்கை மடங்கியது. ஓர் இரும்புக் கட்டில், ஒரு சின்ன அடுப்பு, ஒரு கழுவும் கிண்ணம், இவ்வளவுதான் அதில் இருந்திருக்கும். சரிவில் கட்டிய கட்டடம் என்பதால் பின்பக்கம் இந்த அடித்தளம் நேரே சந்தில் திறக்கிறது. இந்த மாதிரி அறைகளில் கட்டிலின் கால்மாட்டில் எண்ணெய்த் துணி விரித்திருப்பார்கள் என்றார் வழிகாட்டி. ஏன்? ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் பூட்ஸைக் கழற்ற மாட்டான். கழற்றுகிற நேரத்துக்கும் சேர்த்து அவன் காசு கொடுக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. இறகு மாலைக்காரிகளில் ஒருத்தி மாலையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். ஓர் இறகு மட்டும் சிமெண்ட் தரையில் விழுந்து கிடந்தது.

அம்மா நடையின் கோடியில் நின்று, படிக்கட்டு வழியாக மேலே எங்கோ தெரிந்த கூரைக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார். "ஷாஃப்ட்டுக்குள்ள இறங்கிப் பார்த்த மாதிரியே இருக்குடி" என்றார். சின்ன வயசில் ஒரே ஒரு தடவை, ஆயுதபூஜை அன்றைக்கோ என்னவோ, தாத்தா அவரைக் கேஜில், அதாவது ஆட்களை இறக்கும் கூண்டில், கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். மேலே ஒரு ரூபாய்க் காசளவு வெளிச்சம், கீழே ஒன்றும் தெரியாது என்பார். யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னது வெறும் தோற்றம் இல்லை. இந்தக் கட்டடத்திலும் லெவல் லெவலாகத்தான் பிரித்திருந்தார்கள். கீழே போகப் போகக் கூலி குறையும், ஷிஃப்ட் கூடும். மாடியில் இருந்தவளுக்கு வயசானாலோ நோய் வந்தாலோ குடி அதிகமானாலோ கீழ்த்தளம், அப்புறம் அடித்தளம், அப்புறம் சந்து. இறங்கத்தான் வழி உண்டு. சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்தால் கேஜ் மேலே வரும். இங்கே அது இல்லை.

"இதெல்லாம் அப்போ சட்டப்படி சரியா?" என்று அந்த வயதான கணவர் கேட்டார்.

சட்டப்படி குற்றம்தான். ஆனால் நகரத்துக்கு ஒரு சௌகரியமான ஏற்பாடு இருந்தது. மாசா மாசம் ஒவ்வொரு பெண்ணும் அபராதம் கட்டுவாள், நகராட்சி வாங்கிக்கொள்ளும், அடுத்த மாசம் வரை யாரும் கேட்க மாட்டார்கள். வழிகாட்டி சொல்லி முடித்ததும் அம்மா என் பக்கம் திரும்பி, "மாசா மாசம் கட்டினா அது ஃபைனாடி? வாடகை" என்றார். அதையே ஆங்கிலத்தில் வழிகாட்டியிடமும் சொன்னார். அவர், "அடுத்த நடையில் இதை நான் திருடிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். அம்மா அனுமதி கொடுத்தார், ஏதோ சொத்தை எழுதிக் கொடுக்கிற தோரணையில்.

பின்பக்கம் வழியாகச் சந்துக்கு வந்தோம். வீனஸ் சந்து என்று பேர். நகரம் இதைப் பல தடவை மூடியது, பல தடவை மூடியதாகப் பேர் பண்ணியது. 1917-இல், முதல் உலகப் போர் நேரத்தில், நாடு முழுக்க இந்த மாதிரிப் பகுதிகளை இழுத்து மூடினார்கள். மெர்க்குரி தெருவின் பளபளப்பு அதோடு போனது. தொழில் போகவில்லை, சந்துக்கும் அடித்தளத்துக்கும் இறங்கியது. அப்புறம் சந்தின் வாயில் பச்சைப் பலகைத் தடுப்பு ஒன்று வைத்தார்கள். 1939-இல் அரசாங்கப் புகைப்படக்காரர் ஆர்தர் ராத்ஸ்டைன் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்த ஆண்கள் உள்ளே வரக் கூடாது என்று அறிவிப்பு. வழிகாட்டியின் படக் கட்டுக்குள் அந்தப் படமும் இருந்தது. தடுப்பை வைத்தது சந்தை மூடவா, தெருவில் போகிறவர்களின் கண்ணை மூடவா என்பதைப் படத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், சந்தின் கிரிப்புகள் ஒரேயடியாக மூடப்பட்டன. டூமாஸும் வேறு ஒன்றிரண்டு விடுதிகளும் அதற்கு அப்புறமும் ஓடின.

அப்புறம் மாமூல். அபராதம் என்ற பேரில் கஜானாவுக்குப் போனது, காலப்போக்கில் வேறு பைகளுக்குப் போனது. 1960களில் விண்ட்சர் என்ற விடுதியை நடத்திய பெவர்லி ஸ்னாட்கிராஸ் என்பவர், போலீசுக்கு மாமூல் கொடுத்தே மாளவில்லை என்று வாஷிங்டன் வரை போய் செனட்டரிடம் முறையிட்டார். சட்டவிரோதத் தொழில் செய்கிற ஒருவர், சட்டத்தை மீறி என்னிடம் பணம் பிடுங்குகிறார்கள் என்று நாட்டின் தலைநகரில் போய்ப் புகார் கொடுக்கிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. அந்த விடுதி 1968-இல் எரிந்துபோனது.

டூமாஸின் கடைசி மேடம் ரூபி காரெட். அவரை மூட வைத்ததும் ஒழுக்கம் இல்லை, வருமான வரி. வரி ஏய்ப்பு வழக்கில் மாட்டி, 1982-இல் விடுதியை மூடினார். 92 வருஷம் ஒரே கட்டடத்தில் ஒரே தொழில். அதே 1982-இல்தான் பியூட் சுரங்கங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பம்புகளையும் நிறுத்தினார்கள். 1955-இல் தோண்டத் தொடங்கி, சுற்றியிருந்த குடியிருப்புகளை ஒவ்வொன்றாக விழுங்கிய பெர்க்லி குழியில் நீர் ஏற ஆரம்பித்தது. ஒரு மைல் நீளம், அரை மைல் அகலம், அமிலமும் உலோகங்களும் கரைந்த செந்நிறத் தண்ணீர். 1995-இல் வலசை போகும் பனி வாத்துகள் அதில் இறங்கின, 342 செத்துக் கிடந்தன. 2016-இல் பனிப்புயலுக்கு ஒதுங்கி ஆயிரக்கணக்கில் செத்தன. மறுநாள் காலை குழியைப் போய்ப் பார்த்தோம். அழகாக இருந்தது, அதுதான் கஷ்டம்.

1917-ஐப் பற்றி இன்னொன்று. அந்த வருஷம் ஜூன் 8-ஆம் தேதி கிரானைட் மவுண்டன் சுரங்கத்தில் தீ. தீ பாதுகாப்பு வேலைக்காக இறக்கிய மின்கேபிள் நழுவி விழுந்தது, அதைப் பார்க்கப் போனவருடைய கார்பைடு விளக்கு அதன் எண்ணெய் ஊறிய உறையில் பட்டுப் பற்றிக்கொண்டது. 168 பேர் செத்தார்கள். மேனஸ் டகன் என்பவர் கீழே தடுப்பு எழுப்பிப் புகையை அடைத்து 25 பேரைக் காப்பாற்றினார், இருட்டில் உட்கார்ந்து மனைவிக்குக் கடிதமும் எழுதினார், அவர் திரும்பவில்லை. மலைச்சரிவில் அதற்கு நினைவிடம் இருக்கிறது. வழிகாட்டி தன் நடையில் இதைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், அவருடைய தாத்தா அந்தச் சுரங்கத்தில் வேறு ஷிஃப்ட்.

அம்மா அப்போதுதான் டோக்கன் கதையைச் சொன்னார். தாத்தாவின் பித்தளை டோக்கன் இன்னும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. இறங்கும்போது எடுத்துப் போக வேண்டும், ஏறியதும் திரும்ப மாட்ட வேண்டும். மாட்டாமல் ஓர் எண் பாக்கி இருந்தால் கீழே யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். சாயங்காலம் ஷாஃப்ட் பக்கம் சங்கு தப்பான நேரத்தில் ஊதினால் பாட்டி அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாராம். பியூட்டிலும் இதே பித்தளை எண்தான் என்றார் வழிகாட்டி. இரண்டு பேரும் ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தார்கள். நாங்கள் எட்டு பேரும் பின்னால். கட்டணம் கட்டிய நடையை இரண்டு சுரங்கக் குடும்பத்துக்காரிகள் கடத்திக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"இவங்களுக்கு?" என்று அம்மா சந்தைக் காட்டிக் கேட்டார். "இவங்க கணக்கு யார்கிட்ட?"

வழிகாட்டி நின்றார். ஜோக் எதுவும் வரவில்லை. பெரும்பாலான பெண்கள் சொந்தப் பெயரில் இருக்கவில்லை, ஊருக்கு ஒரு பெயர், விடுதிக்கு ஒரு பெயர். சிலர் சுரங்கக்காரர்களைக் கட்டிக்கொண்டு குடும்பமானார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கே தெரியாது. சிலர் அடுத்த சுரங்க ஊருக்குப் போனார்கள். கார்பாலிக் அமிலம் குடித்துச் செத்தவர்கள் பேப்பரில் ஒரு பத்தியாக வந்தார்கள். அந்தப் பத்திகளிலும் பெயர் உண்மையா என்று யாருக்குத் தெரியும். அவ்வளவு சொல்லிவிட்டு, எங்களைச் சந்தின் முனைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு சின்ன பூங்கா, காப்பர் பிளாக் பூங்கா. உலோகத் தகட்டில் வெட்டிய பெண்களின் நிழலுருவங்கள் நிற்கின்றன. முகம் இல்லை, கோடு மட்டும். அந்தச் சந்தில் வேலை செய்த பெண்களுக்காக ஊர் வைத்தது. முகம் வைக்காததை நான் முதலில் குறையாக நினைத்தேன். யாருடைய முகத்தை வைப்பார்கள்?

நிமிர்ந்தால் கிழக்கு மலை உச்சியில் இன்னொரு பெண். ராக்கி மலை மாதா, 90 அடி உயரம், தூய வெள்ளை. சுரங்கங்கள் படுத்து ஊரே வேலையில்லாமல் நின்ற காலத்தில், வெல்டிங் தெரிந்த சுரங்கக்காரர்கள் கூலி வாங்காமல் செய்து 1985 டிசம்பரில் உச்சியில் நிறுத்தினார்கள். எல்லாப் பெண்களுக்கும், முக்கியமாகத் தாய்மார்களுக்கும் என்று அர்ப்பணிப்பு. அம்மா கைகூப்பினார். அப்புறம் அந்தத் தகட்டுப் பெண்களுக்கு நடுவில் போய் நின்று, "ஒரு ஃபோட்டோ எடு" என்றார்.

விடைபெறும்போது வழிகாட்டி அம்மாவிடம் ‘டேப் அர் லைட்’ என்றார். பியூட் சுரங்கக்காரர்கள் பிரியும்போது சொல்வது. துளையில் வெடிமருந்தைத் திணிக்கும்போது மெதுவாகத் தட்டு என்று அர்த்தம். அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "பார்த்துப் போங்கன்னு சொல்றா" என்றார்.

ராத்திரி பெக்கின் நூடுல் பார்லரில் சாப்பிட்டோம். 1911-இலிருந்து ஒரே சீனக் குடும்பம் நடத்துகிறது. சீனர் பேட்டையும் இந்தத் தெருக்களும் ஒட்டி ஒட்டித்தான் இருந்தன. மாடிப்படி ஏறினால் நடையின் இரு பக்கமும் திரை போட்ட சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மேஜை. பகல் முழுக்க டூமாஸில் சுற்றிய கண்ணுக்கு அந்தத் திரைகள் வேறு மாதிரி தெரிந்தன. சாப்பிடத்தான் அந்த அறைகள், வேறொன்றும் இல்லை. ஆனாலும் அம்மா திரையை முழுசாக விலக்கிக் கட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அங்கே வைத்துத்தான் சொன்னார். லைன் கோடியில் ஒரு வீடு இருந்ததாம். சம்பள நாள் அன்றைக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பாட்டி சொல்வாராம். பாட்டியே சம்பள நாளில் சுரங்கத்தின் கேட் வாசலில் போய் நின்றுகொள்வார், கவர் சாராயக் கடைக்குப் போவதற்கு முன்னால் பிடுங்க. அந்த வீட்டில் இருந்தவரைக் ‘கடைசி வீட்டுக்காரி’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குழாயடியில் அவருடைய குடத்தைக் கடைசியில்தான் வைக்க விடுவார்கள்.

"பேர் என்னம்மா?"

அம்மா கொஞ்ச நேரம் நூடுல்ஸைக் கிளறினார். "கேட்கவே இல்லடி."

வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. மலை மேல் ஹெட்கியர்களுக்கெல்லாம் விளக்கு போட்டிருக்கிறார்கள், கோபுரத்தின் ஓரங்கள் முழுக்கச் சிவப்பு. சுரங்கத்தின் நினைவாகச் செய்தது. ஊரே சிவப்பு விளக்காகத் தெரிந்தது. நான் சிரித்ததும் அம்மா ஏன் என்று கேட்டார், சொன்னேன். "வாயைக் கழுவு" என்றார், ஆனால் அவரும் சிரித்தார்.

அறைக்கு வந்ததும் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கு ஃபோட்டோக்களை அனுப்பினார். ஹெட்கியர், பேஸ்ட்டி, மலை மாதா, கடைசியில் தகட்டுப் பெண்களோடு அவர். பங்காருப்பேட்டை பெரியம்மா உடனே கேட்டார்: "உன் பக்கத்துல நிக்கிறது யாரு? சாமியா?"

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார்.

"இல்லக்கா. மைன்ஸ் ஊர் பொம்பளைங்க."